பூக்கடை திட்டமிடுவது எப்படி: பஞ்சாங்கம், முழக்கணக்கு, வாடிக்கை

மளிகைக் கடையில் தேங்கிய பருப்பை அடுத்த மாதமும் விற்கலாம். துணிக்கடையில் தேங்கிய புடவையை ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். காலை ஐந்து மணிக்கு வாங்கிய மல்லிக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாலையில் அது மலரும், இரவு ஒன்பது மணிக்குக் கடையில் மிஞ்சியிருந்தால் அதன் விலை பூஜ்யம். பூக்கடைக்கான திட்டம் முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் பிறக்க வேண்டும். வாங்கும் பூவில் எவ்வளவு பங்கு முன்கூட்டியே விற்றுவிட்டது என்பதே உங்கள் கடை நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தப் பங்கைக் கூட்டுவதற்காகத்தான். மதுரையை மனத்தில் வைத்து எழுதுகிறேன், நான் அறிந்த பூச்சந்தை அதுதான். திருச்சியிலும் கோவையிலும் பூவின் பெயரும் விலையும் சற்று மாறும், கணக்கு மாறாது.

முதல் படி: இடத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்

கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தில் மூன்று நாள் உட்காருங்கள். ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, ஒரு சாதாரணப் புதன். காலை ஆறிலிருந்து எட்டரை வரை, மாலை ஐந்திலிருந்து எட்டு வரை. எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவதை விட, எத்தனை பேர் கையில் ஏற்கெனவே பூ இருக்கிறது என்று எண்ணுங்கள். அவர்கள் எங்கே வாங்கினார்கள் என்பது தெரிந்தால் உங்கள் போட்டி யார் என்பது தெரிந்துவிடும். வெள்ளிக்கும் புதனுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை விற்பனை வாடகையைத் தாங்காத இடம், வெள்ளிக்கிழமை எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஆபத்தான இடம்.

கோயில் வாசல் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கே வாடகையும் அதிகம், பக்கத்தில் வரிசையாகப் பத்துக் கடையும் இருக்கும். வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் பேருந்து நிறுத்தம், குடியிருப்புப் பகுதியின் காய்கறிக் கடையை ஒட்டிய இடம், இரண்டு மூன்று கல்யாண மண்டபங்கள் உள்ள சாலை ஆகியவை புதிதாகத் தொடங்குபவருக்கு அதிகம் கைகொடுக்கும் என்பது என் கருத்து. மேற்கு வெயில் நேராக விழும் கடையை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: எந்த வகைக் கடை

சரமும் உதிரிப்பூவும் விற்கும் கடை, மாலை கட்டும் கடை, பொக்கே கடை, மண்டப அலங்காரம் எடுக்கும் கடை என இவை நான்கும் வெவ்வேறு தொழில்கள். சரக்கடைக்குச் சில ஆயிரம் ரூபாய் முதலீடு போதும், பணம் அன்றன்றே திரும்பும். மாலைக்குக் கை வேண்டும். ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்து நெருக்கமாகக் கட்டத் தெரிந்தவர் இல்லாமல் ஆர்டர் பிடிக்கக் கூடாது. பொக்கேவுக்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் நீள்காம்பு ரோஜா, ஜெர்பரா, அவற்றை வைக்கக் குளிர்ந்த இடம், அலுவலகங்களோடு தொடர்பு எல்லாம் தேவை. அலங்காரத்தில் லாபம் பெரிது, ஆனால் வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் வெளியே நிற்கும்.

முதல் ஆண்டு சரமும் மாலையும் போதும். இரண்டாம் ஆண்டில் உங்கள் வாடிக்கையாளர்களே "பொக்கே கிடைக்குமா?" என்று கேட்பார்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வையுங்கள். மாதம் முப்பது கோடு விழுந்தால் தொடங்கலாம்.

மூன்றாம் படி: பஞ்சாங்கத்தை விரித்து ஆண்டுத் திட்டம்

தினசரி நாள்காட்டி ஒன்றை வாங்கி மூன்று நிறப் பேனாவால் குறியுங்கள். சிவப்பு முகூர்த்த நாளுக்கு, பச்சை கோயில் விழாவுக்கு, நீலம் சரக்குக்குத் தட்டுப்பாடு வரும் காலத்துக்கு.

மல்லி கோடையில் பொங்கி வரும். பங்குனி முதல் ஆனி வரை வரத்து அதிகம், விலை இறங்கும். அப்போது முழ விலையைக் குறைத்து அளவைக் கூட்டி விற்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் பனி விழுந்ததும் அரும்பு சிறுத்து வரத்து சுருங்கும். அதைத் தொடர்ந்து தை முகூர்த்தங்கள் வந்து சேரும்போது மதுரையில் மல்லி கிலோ ஆயிரங்களைத் தொடுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. அந்த வாரங்களில் பிச்சி, முல்லை, கனகாம்பரம், காக்கரட்டான் ஆகியவற்றைக் கலந்து கதம்பமாகக் கொடுக்கும் கடைக்கு வாடிக்கையாளர் தங்குவார்.

ஆடியில் கல்யாணம் இல்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் அம்மன் கோயில்களை மறந்துவிடுகிறார்கள். ஆடி வெள்ளி, ஆடிப்பூரம், பதினெட்டாம் பெருக்கு எல்லாம் அரளிக்கும் செவ்வந்திக்கும் உரிய நாட்கள். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும், வரலட்சுமி நோன்புக்குத் தாமரையும் தாழம்பூவும், புரட்டாசிச் சனிக்கு துளசி மாலை, சிவராத்திரிக்கு வில்வம். ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாளில் செவ்வந்தி விற்பனை மற்ற மாதங்களின் ஒரு வார விற்பனையை எட்டிவிடும். பட்டறைகள், ஆட்டோ நிறுத்தங்கள், அச்சகங்களில் பத்து நாள் முன்பே போய் ஆர்டர் கேளுங்கள். கிடைத்த ஆர்டருக்கு மட்டும் வாங்கினாலே போதும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பூக்கடைகள் இந்துப் பண்டிகைகளை மட்டுமே குறித்து வைக்கின்றன. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைகளுக்கு மாலையும் உதிரிப்பூவும் எடுத்துப் போகும். தர்காவுக்கு மலர்ப் போர்வை வேண்டும். முஸ்லிம் திருமணத்தில் மாப்பிள்ளையின் முகத்துக்குப் பூச்சரத் திரை கட்டுவோர் உண்டு. அதைக் கட்டத் தெரிந்த கடை ஊரில் ஒன்றிரண்டுதான் இருக்கும். உங்கள் பகுதியில் யார் வாழ்கிறார்களோ அவர்கள் எல்லோருடைய நாட்களும் உங்கள் நாள்காட்டியில் இருக்க வேண்டும்.

துக்கத்துக்கு நாள்காட்டி கிடையாது. நள்ளிரவிலும் மாலை கேட்டு வருவார்கள். அப்போது அதிக விலை சொல்லாத கடையை அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் மறக்காது. கடைப் பலகையில் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதுவது முக்கியமாக இதற்காகத்தான்.

நான்காம் படி: கொள்முதல்

மதுரையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு திருமங்கலம், உசிலம்பட்டி சுற்றுவட்டாரத்திலிருந்து அரும்பு வந்து இறங்கும். தெற்கே தோவாளை, வடக்கே நிலக்கோட்டை, திண்டுக்கல், மேற்கே சத்தியமங்கலம் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சந்தை உண்டு. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிப்பாக இருப்பதால் அரும்பு மாலை வரை விரியாமல் தாங்கும். உங்கள் ஊர் தொலைவில் இருந்தால் இந்தக் குணமே உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் நேரம்.

முதல் மூன்று மாதம் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். ஒரே மண்டியில் வாங்காமல் இரண்டு மண்டியில் வாங்குங்கள். ஒன்றில் தினமும், மற்றதில் வாரம் இரண்டு முறை. விலை ஏறும் நாளில் சரக்கு யாருக்கு முதலில் எடுத்து வைக்கப்படுகிறது என்பது உறவைப் பொறுத்தது. அந்த உறவு ரொக்கத்தால்தான் தொடங்கும்.

வாடும் வேகத்தை வைத்துச் சரக்கைப் பிரியுங்கள். மல்லி, முல்லை, பிச்சி ஒரு நாள் சரக்கு. கனகாம்பரம் இரண்டாம் நாளும் நிற்கும். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் அதற்கு மேலும் தாங்கும். மல்லியின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பது பழக்கமாகிவிட்டது. அது அரும்பைக் கறுக்கச் செய்யும். ஈரத்துணி விரித்த கூடையில் காற்றுப் படாமல் மூடி வைத்து, ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். ரோஜாவின் காம்பைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள், இதழ் நனையக் கூடாது.

ஐந்தாம் படி: முழக்கணக்கு

கடைகள் மூடப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு கிலோ மல்லி வாங்கி, உங்கள் கடையில் கட்டுபவரின் கையால் கட்டச் சொல்லி எத்தனை முழம் வருகிறது என்று எண்ணுங்கள். ஒருவர் நெருக்கிக் கட்டுவார், இன்னொருவர் இடைவெளி விடுவார். ஊர்க்கணக்கு உங்களுக்கு உதவாது, உங்கள் கைக்கணக்கு வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கிலோ 600 ரூபாய், அதில் 30 முழம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டுக்கூலி முழத்துக்கு 5 ரூபாய் வீதம் 150. நார், இலை, சந்தைக்குப் போய்வரும் செலவில் ஒரு பங்கு என 60. மொத்தம் 810 ரூபாய். இதை முப்பதால் வகுத்தால் முழம் 27 ரூபாய் வருகிறது. 30 ரூபாய்க்கு விற்றால் மூன்று ரூபாய் லாபம் என்று தோன்றும். இரவில் ஆறு முழம் மிஞ்சுகிறது. விற்றது 24 முழம்தான். 810ஐ 24ஆல் வகுத்தால் 33 ரூபாய் 75 காசு. அதாவது 30 ரூபாய்க்கு விற்ற ஒவ்வொரு முழத்திலும் கையிலிருந்து பணம் போயிருக்கிறது. விற்பனை நன்றாக நடக்கிறது, கூட்டம் நிற்கிறது, மாதக் கடைசியில் மட்டும் பணம் இல்லை என்று தவிப்பவர்களிடம் இந்த ஆறு முழத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதே கணக்கில் மிச்சம் இரண்டு முழமாகக் குறைந்தால் அடக்கவிலை 29 ரூபாய்க்கும் கீழே வந்துவிடுகிறது. விலையை ஏற்றாமலே லாபம் வருகிறது. மிச்சத்தைக் குறைப்பதுதான் பூக்கடையின் மிகப் பெரிய வருமானம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது மாதக் கணக்கு. வாடகை 6,000, மின்சாரம் 1,000, உதவியாள் 12,000, சில்லறைச் செலவு 2,000, உங்கள் சம்பளம் 18,000. கூட்டினால் 39,000. நாளுக்கு 1,300 ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு முப்பது ரூபாய் நிற்கிறது என்றால் தினமும் சுமார் 4,350 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். உங்கள் சம்பளத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெண்களின் கட்டுக்கூலியையும் எழுதுங்கள். அம்மாவும் தங்கையும் இரவெல்லாம் கட்டிய சரத்துக்குக் கூலி போடாமல் காட்டும் லாபம் அவர்களிடமிருந்து எடுத்த பணம்.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. ஆளுக்கு ஆள் மாறும், சந்தேகமும் வளரும். மேசை விளிம்பில் பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு பித்தளைக் கோடு பதித்து அதில் அளந்து கொடுங்கள். நூறு துண்டறிக்கை செய்யாத வேலையை அந்தக் கோடு செய்யும். கொசுறும் அப்படித்தான். அளந்த பிறகு கிள்ளி வைக்கும் நான்கு அரும்பை நிறுத்திவிடாதீர்கள், அடக்கவிலையில் சேர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: வாடிக்கை

கடை திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டிய படி இது. சுற்றியுள்ள இருநூறு வீடுகளுக்கு நேரில் போங்கள். தினப் பூ, வெள்ளி செவ்வாய்ப் பூ, பௌர்ணமி அமாவாசைப் பூ என மூன்று வகை வாடிக்கையைச் சொல்லுங்கள். காலை ஆறரைக்குள் வாசல் கதவில் பை தொங்கும் என்று உறுதி கொடுங்கள். திறப்பு நாளில் நாற்பது வீடு கையில் இருந்தால், சந்தையில் வாங்கும்போதே பாதிப் பூ விற்றுவிட்டது.

விலையை எப்படி நிர்ணயிப்பது? தினம் ஒரு முழம் என்று பேசினால் தை மாதத்தில் நீங்கள் அழிந்துபோவீர்கள். தினம் இருபது ரூபாய்ப் பூ என்று பேசுங்கள். நம் வீடுகள் காலங்காலமாகப் "பத்து ரூபாய்க்குப் பூ கொடுங்க" என்றுதான் கேட்டு வந்திருக்கின்றன. தொகை நிலையாக இருக்கும், அளவு சந்தையோடு ஏறி இறங்கும். கோடையில் தாராளமாகக் கொடுத்துப் பழக்கினால் பனிக்காலத்தில் குறைவதைப் பொறுத்துக்கொள்வார்கள். பணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள். வீட்டில் இல்லாத நாட்களைக் கழித்துவிடுங்கள். அந்தக் கழிவை நீங்களாகவே சொல்ல வேண்டும், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

வீடுகளை அடுத்து நகைக்கடை, ஜவுளிக்கடை, உணவகம், வங்கிக் கிளை. சாமி படத்துக்கு தினம் ஒரு சரம் வேண்டாத கடை நம் ஊரில் அரிது. சிறிய கோயில்களின் அர்ச்சகர்களையும் பாருங்கள். கோயில் ஆர்டரில் லாபம் குறைவாக இருக்கலாம், ஆனால் அது மழை நாளிலும் நிற்காது.

ஏழாம் படி: கல்யாண ஆர்டர்

ஒரு தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் விலை பேசி ஆர்டர் எடுத்தோம். முகூர்த்த மாலை, மாற்று மாலை, பூச்சடை, வருகிற பெண்களுக்குச் சரம், எல்லாம் சேர்த்து ஒரே தொகை. முன்பணம் மிகக் குறைவு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மல்லி விலை நாங்கள் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம், மூன்று மாத லாபம் அந்த ஒரு மண்டபத்தில் கரைந்தது. அன்றிலிருந்து நான்கு விதிகள்.

ஆர்டரை எழுத்தில் எடுங்கள். மாலையின் நீளம், பூ வகை, கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாதித் தொகை முன்பணம், அதில் பாதி ஆர்டர் அன்று, மீதி பத்து நாள் முன்பு. மாலைக்கு நிலையான விலை சொல்லுங்கள், ஏனெனில் சம்பங்கியும் ரோஜாவும் ஓரளவு கணிக்கக் கூடியவை. மல்லிச் சரத்துக்கு மட்டும் அன்றைய சந்தை விலையோடு கட்டுக்கூலி என்று தனியாக எழுதுங்கள். கடைசியாக, கிடைக்காவிட்டால் எந்தப் பூவை மாற்றாக வைப்பது என்பதையும் மணப்பெண்ணின் வீட்டாரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அதை விவாதிக்க யாருக்கும் மனநிலை இருக்காது.

மணமக்களின் மாலை போகும் வண்டியில் ஒரு மாலையை உபரியாக அனுப்புங்கள். அறுந்தால், நசுங்கினால், அந்தக் குடும்பத்தின் ஒரே ஒரு நாள் கெட்டுப்போகும். அதற்கு இழப்பீடு என்று எதுவும் இல்லை.

கல்யாண வீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? மண்டப மேலாளரிடமும் புகைப்படக்காரரிடமும் எல்லோரும் போவார்கள். பத்திரிகை அச்சடிக்கும் அச்சகத்துக்குப் போங்கள். கல்யாணத் தேதி மிகச் சீக்கிரம் தெரியும் இடங்களில் அதுவும் ஒன்று. மணப்பெண் அலங்காரம் செய்பவரோடு சேர்ந்து பூச்சடைக்கு ஒரு கூட்டு விலை வையுங்கள்.

எட்டாம் படி: விளம்பரம்

காசு செலவழிப்பதற்கு முன் காசில்லாதவற்றை முடியுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதியுங்கள், திறக்கும் நேரத்தைச் சரியாகக் குறியுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் மாலை வகைகளின் படமும் விலையும் கொண்ட பட்டியல் வைக்கலாம். படத்தைக் காலை வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் மேல், பக்கத்தில் ஒரு கை தெரிய எடுங்கள். கை இருந்தால்தான் மாலையின் பருமன் புரியும். இணையத்தில் எடுத்த படத்தைப் போட்டு ஆர்டர் வாங்குவது ஏமாற்று வேலை, ஒரு நாள் மண்டபத்தில் வைத்தே கேட்டுவிடுவார்கள்.

தினமும் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் நிலையில் அன்றைய முழ விலையைப் போடுங்கள். மாலை ஆறரைக்கு மிச்சம் அதிகம் இருந்தால் அதையும் போடுங்கள்: "எட்டு மணி வரை இரண்டு முழம் வாங்கினால் மூன்று." முகூர்த்தத்துக்கு முந்தைய நாளும் விசேஷ நாட்களுக்கு மூன்று நாள் முன்பும் ஒரு செய்தி. அதற்கு மேல் அனுப்பினால் தடுத்துவிடுவார்கள். புத்தாண்டுக்குக் கடை பெயர் அச்சிட்ட நாள்காட்டி கொடுப்பதற்கு ஆகும் செலவை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். சுவரில் ஓராண்டு தொங்கும் விளம்பரம் வேறு இல்லை, அதில் முகூர்த்த நாளும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. வாழை இலையில் சுற்றி நாரால் கட்டிக் கொடுங்கள். பூ வாடாமலும் இருக்கும், கடையின் அடையாளமாகவும் ஆகும்.

ஒன்பதாம் படி: முதலும் உரிமமும்

காலையில் தொள்ளாயிரம் வாங்கி மாலையில் ஆயிரமாகத் திருப்பித் தரும் கடனில் பூக்காரப் பெண்கள் பலர் வாழ்நாளையே கழித்துவிட்டார்கள். ஒரே பகலுக்கு நூறு ரூபாய் என்றால் மாதத்தில் மூவாயிரம், கையிலிருக்கும் முதலோ தொள்ளாயிரம்தான். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. அந்தக் கடனுக்கு மாற்றும் இருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கு 2020இல் தொடங்கப்பட்ட பிஎம் ஸ்வநிதி திட்டம், பிணையில்லாத முத்ரா கடனில் 50,000 ரூபாய் வரையிலான சிசு பிரிவு, மகளிர் சுய உதவிக்குழுக் கடன். இவற்றில் ஒன்றை வாங்கி, பதினைந்து நாள் கொள்முதல் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம், தராசுக்கு முத்திரை, சிறுதொழில்களுக்கான இலவச உத்யம் பதிவு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். புதுப் பூவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. மண்டப அலங்காரம் சேவையாகக் கருதப்படும், அதற்கு வரி உண்டு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும். அந்த எல்லையைக் கணக்கிடும்போது வரியில்லாத பூ விற்பனையும் சேர்த்தே எண்ணப்படும் என்பதால் அலங்காரம் தொடங்கும் முன்பே கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

பத்தாம் படி: ஒரு நோட்டு

நாளுக்கு ஒரு வரி, ஏழு கட்டம். தேதி, கிழமையும் விசேஷமும், வாங்கிய எடையும் விலையும், கட்டிய முழம், வாடிக்கைக்குப் போனது, கடையில் விற்றது, மிஞ்சியது. இரவு கடையைச் சாத்தும் முன் எழுதுங்கள், காலைக்குத் தள்ளினால் மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஏழு வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். வாடிக்கைக்குப் போன முழம் கட்டியதில் எத்தனை பங்கு, மிஞ்சியது எத்தனை பங்கு என்ற இரண்டு எண்கள் போதும். முதல் எண் மூன்று மாதத்தில் பாதியைத் தொடவில்லை என்றால் கொள்முதலைக் குறைத்துவிட்டு, மறுபடியும் வீடு வீடாகப் போங்கள். ஓராண்டு நிறைந்ததும் அந்த நோட்டை புது நாள்காட்டியின் பக்கத்தில் வைத்து, போன தை இரண்டாம் வெள்ளிக்கு எத்தனை கிலோ வாங்கினோம், எத்தனை முழம் மிஞ்சியது என்று பார்த்து இந்தத் தைக்கு எழுதத் தொடங்குங்கள்.